வடக்குச் சுவரில் வெள்ளம்

ஏரல்,
22-7-2025

அன்புள்ள தம்பி அகமது மீரானுக்கு மதினி சித்தி ஜனாபா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நம் வீட்டு வடக்குச் சுவரில் கிறுக்கவிட்டு நானும் கூட நின்று வேடிக்கை பார்க்கிறேன் என்றும் அரிசிக்கடை அப்பாத்துரை உனக்குச் சொன்னதாக நேற்று ஃபோனில் சொன்னாய். அவர் சொன்னது தவறு. என் புத்தி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கிறுக்கவில்லை, வரைகிறார்கள். நானும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து பிழை பார்க்கிறேன்.

ஃபோனில் நீ கத்தியதும் நான் கத்தியதும் தெருமுனை வரை கேட்டிருக்கும். நடுவில் ஸமீஹா "வாப்பா, பைய பேசுங்க" என்றது எனக்கே கேட்டது. ஆகையால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். என் வீட்டுக்காரர், உன் காக்கா, இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து எனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. தம்பிக்கும் அது வரும் என்றே நம்புகிறேன்.

நடந்தது இதுதான். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குக் கலைச்செல்வி என்று ஒரு டீச்சர் இருக்கிறாள். சீவலப்பேரிப் பெண். தினமும் பஸ் மாறி வந்து போகிறாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து 'நம் ஆறு' என்று ஒரு பெரிய படம் செய்ய வேண்டுமாம். அவர்கள் பள்ளிச் சுவர்தான் 2023 வெள்ளத்தில் விழுந்துவிட்டதே. இன்னும் கம்பிவேலிதான் நிற்கிறது. வேலியில் எப்படி வரைவது? "அம்மா, உங்க சுவர் சும்மாதான இருக்கு" என்று வந்து நின்றாள். சுவர் சும்மா இல்லை, வீட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தேன்.

சும்மா சம்மதிக்கவில்லை. சினிமாக்காரர் யாரும் சுவரில் வரக்கூடாது. கீழே பேப்பர் விரிக்க வேண்டும். பிரஷ்ஷை என் குழாயில் கழுவக்கூடாது. வேலை முடிந்தால் சந்தைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். பெரிய மனிதர்கள் வாக்கைவிட அவர்கள் வாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சந்து இப்போது முன்னைவிடச் சுத்தம்.

அந்தச் சுவரின் லட்சணமும் உனக்குத் தெரியும். வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு என் மோவாய் உயரத்துக்குப் பழுப்பாகக் கிடக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் ஒரு மழைக்கு மேலே வந்துவிட்டது. ஆகவே நான் நல்ல சுவரைக் கெடுக்கக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் நாளே தகராறு. புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்துப் பொதிகை மலையை இடது ஓரத்தில் வரைய ஆரம்பித்தார்கள். அங்கிருந்து ஆறு வலதுபக்கமாக ஓடிக் கடலில் விழ வேண்டும். புத்தகத்தில் அது சரி. ஆனால் நம் சந்தில் சுவரைப் பார்த்து நின்றால் இடது கை கிழக்கு. ஆக, கடல் இருக்கிற திசையில் மலை உட்கார்ந்திருக்கிறது, ஆறு பாபநாசத்தை நோக்கி மேலே ஏறி ஓடுகிறது! நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"புக்குல அப்படித்தானம்மா இருக்கு, இடது பக்கம் மேற்கு" என்றாள் டீச்சர்.

"இது புத்தகம் இல்லை, சுவர். இந்த ஆற்றோடு ஒருவன் கடலுக்கு நடந்தால் ஸ்ரீவைகுண்டத்துக்கல்லவா போய்ச் சேருவான்?" என்றேன்.

பிள்ளைகள் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முகம் சுண்டிவிட்டது. அப்போது சந்தனமாரி என்று ஒரு பெண், ரெட்டைச் சடையும் ஒரு பல் விழுந்த வாயுமாக, "ஆச்சி, நாங்க மலையப் பாத்ததே இல்ல. தண்ணியத்தான் பாத்திருக்கோம்" என்றது.

நான் யாருக்கும் ஆச்சி இல்லை. அதை எத்தனை தடவை திருத்தினாலும் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் எடுபடாது. ஆனால் அது சொன்ன சொல் சரி. "யாராவது மலையைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒரு கை தூக்கவில்லை. "அப்படியென்றால் பார்த்ததை வரையுங்கள்" என்றேன். டீச்சரும், கண்ணால் பார்த்ததை மட்டுமே வரைய வேண்டும் என்று அன்றே சட்டம் போட்டுவிட்டாள். மலையை அழித்தாயிற்று. பிள்ளைகள் இப்போது வெள்ளத்தை வரைகிறார்கள். பழுப்புக் கோடு இருக்கிறதே, அதுதான் தண்ணீர் மட்டம்.

அப்பாத்துரை இனி ஏதாவது சொன்னால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. ஸமீஹாவுக்கும் உன் வீட்டில் எல்லாருக்கும் என் துஆ.

இப்படிக்கு,
மதினி
சித்தி ஜனாபா

---

மண்ணடி, சென்னை
30-7-2025

அன்புள்ள மதினிக்கு மீரான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் பார்சலில் அனுப்பியிருந்தேன், கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

கடையில் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் எழுதுவதைப் பார்த்துக் கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள். எங்கள் மதினிக்கு வாயால் சொன்னால் ஏறாது, மையால் சொன்னால்தான் ஏறும் என்றேன்.

மதினி, கோபப்படாமல் படியுங்கள். பிள்ளைகள் வரைவது தப்பென்று நான் சொல்லவில்லை. நேரம்தான் தப்பு. ஸமீஹாவுக்கு நிக்காஹ் செப்டம்பர் பதினாலு. இங்கே மண்டபம் எடுக்கலாம் என்று எல்லாரும் சொன்னபோது, நம் பூர்வீக வீட்டில்தான், எங்கள் மதினி முன்னால்தான் என்று நின்றவன் நான். மேலப்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முன் தெருவில் பந்தல் போட்டுவிட்டால் கார் நிற்க இடம் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சந்தில்தான் இறங்குவார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த வடக்குச் சுவர்தான். சம்பந்தி வீட்டம்மா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது. நிச்சயத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் தூசி பார்த்தவர். அவர் காரை விட்டு இறங்கியதும் வெள்ளமும் சேறும் பார்க்க வேண்டுமா?

கல்யாணம் வந்தால் வெள்ளையடிக்காத வீடு நம் பக்கம் உண்டா? காக்கா வருஷம் தவறாமல் ரமலானுக்கு முன்னால் சுண்ணாம்பில் இத்தனை நீலம் என்று தானே கலக்கிக் கொடுப்பார்கள். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஊரே 'வெள்ளை வீடு' என்று நமக்குப் பெயர் சொல்லும். காக்கா இருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளையடிக்கிற மந்திரமூர்த்தியிடம் பேசிவிட்டேன். ஆகஸ்ட் கடைசி வாரம் ஆட்களோடு வந்து நாலு சுவரும் அடித்துத் தருவான். கல்யாணம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் திரும்ப வரைந்துகொள்ளட்டும். பெயிண்ட் நானே வாங்கித் தருகிறேன், நல்ல கம்பெனிப் பெயிண்ட்.

வீடு நம் இரண்டு பேருக்கும் பொது. நான் இதுவரை எதையும் உங்களைக் கேட்காமல் செய்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
அகமது மீரான்

---

ஏரல்,
6-8-2025

அன்புள்ள மீரானுக்கு மதினி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எண்ணெய் கிடைத்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலிக்கு ஒன்றும் செய்யவில்லை. உன் கடிதத்தில் இடதுபக்கம் ஓரம் விடவில்லை. இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை. ஆனாலும் எழுதினாயே, அதற்குச் சந்தோஷம்.

இப்போது சுவருக்கு வருகிறேன். படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. என் கண் சாதாரணமாக எதையும் நல்லது என்று ஒத்துக்கொள்ளாது, உனக்குத் தெரியும். இது நன்றாக இருக்கிறது.

முதலில் தண்ணீருக்கு நீலம் பூசினான் பெனோ என்ற பையன். மற்றதுகள் விழுந்தடித்துக்கொண்டு சண்டைக்குப் போய்விட்டன. "ஏலே, வந்தது நீலத் தண்ணியாலே? காப்பித் தண்ணிலா வந்துச்சு!" என்று ஒரு குரல். "காப்பி இல்ல, டீ" என்று இன்னொன்று. டீச்சர் கடையில் வாங்கி வைத்திருந்த எந்த நிறமும் அதற்குச் சரிவரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வெள்ளம் விட்டுப்போன வண்டல் இன்னும் குவிந்து கிடக்கிறதே, அதை அள்ளிவந்து துணியில் சலித்துப் பசை கலந்து பூசினார்கள். கல்லைப் பொறுக்கி எடுப்பதற்கு மட்டும் ஒரு நாள் ஆயிற்று. ஆற்றை ஆற்றுச் சேற்றாலேயே வரைந்திருக்கிறார்கள். இதற்கு எந்தக் கம்பெனிப் பெயிண்ட் வாங்கித் தருவாய்?

தண்ணீருக்கு மேலே ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஒன்றை வரைந்திருக்கிறது. வாழைத்தார் மிதக்கிறது. கேஸ் சிலிண்டர் மிதக்கிறது. தகரக் கூரையில் ஒரு ஆடு நிற்கிறது. மூன்றாவது வாங்குப் பலகை என்று பள்ளிக்கூடத்து பெஞ்சைச் சரியாக அடையாளம் வைத்து வரைந்திருக்கிறான் ஒருவன். அப்பாத்துரையின் அரிசி மூட்டைகளும் இருக்கின்றன. முதலில் அவை மிதப்பதாக வரைந்திருந்தார்கள். அவரே வந்து, "யாருலே இது? மூட மிதக்குமாலே? முங்கிலா போச்சு, என் வயித்தெரிச்சல்!" என்று சத்தம் போட்டார். பையன் உடனே திருத்தி, மூட்டையின் காது மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டான். அவர் கோபத்துக்குக் காரணம் இதுதான், என் புத்தி இல்லை.

நான் படித்த கான்வென்ட்டில் ஓவிய வகுப்பு என்றால் மேசை மேல் ஒரு ஜாடி. எல்லாரும் அதே ஜாடியை வரைய வேண்டும். கோணினால் சிஸ்டர் தாளைக் கிழித்துவிடுவார்கள். என் ஜாடி கோணவில்லை, முதல் பரிசு வாங்கியது. அது யார் வீட்டு ஜாடி, அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளின் ஆடு கோணலாகத்தான் நிற்கிறது. ஆனால் அதற்குப் பெயர் இருக்கிறது. அது யார் வீட்டு ஆடு, இப்போது எத்தனை குட்டி போட்டிருக்கிறது எல்லாம் சொல்லுகிறார்கள்.

நடுவில் நம் வீடு. மாடியில் ஆட்கள் நிற்கிறார்கள். அன்று இந்தத் தெருவில் மாடி உள்ள வீடு நம்முடையது, ஏறி நின்றார்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கல்யாணம் முடிந்து திரும்ப வரையட்டும் என்கிறாய். அது நடக்காது. ஒரு தடவை வரைந்து முடித்த பிள்ளையிடம் அழித்துவிட்டு அதையே திரும்ப வரை என்றால், அது படத்தைப் பார்த்துப் படம் போடும். வெள்ளத்தைப் பார்த்துப் போடாது.

உன் காக்காவைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். மர்ஹூம் அவர்கள் வருஷா வருஷம் வெள்ளையடித்தது சுவர் அழுக்காக இருந்ததால். இப்போது அதில் அழுக்கு இல்லை. அவர்களோடு குடும்பம் நடத்தியவள் நான். அவர்கள் சார்பில் பேச எனக்கு உன் உதவி தேவையில்லை.

சம்பந்தியம்மா விரலால் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். பசை நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஒட்டாது.

மற்ற மூன்று சுவருக்கும் மந்திரமூர்த்தி வரட்டும். ஸமீஹாவுக்கு என் முத்தம்.

மதினி
சித்தி ஜனாபா

---

மண்ணடி, சென்னை
19-8-2025

அன்புள்ள மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தத் தடவை ஓரம் விட்டிருக்கிறேன்.

நீங்கள் படத்தைப் பற்றி எழுதியதும் ஸமீஹா அந்த டீச்சரின் நம்பரைத் தேடிப் பிடித்துச் சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டாள். நேற்று சாப்பிடும்போது ஃபோனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் சிரித்தேன். அப்பாத்துரை அண்ணாச்சியின் மூட்டை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அப்புறம் விரலால் பெரிதாக்கி நம் வீட்டைப் பார்த்தேன்.

மாடியில் ஆட்கள் ஏறி நின்றார்கள் என்று எழுதினீர்கள். அவர்கள் என்ன போர்த்திக்கொண்டு நின்றார்கள் என்று எழுதவில்லையே மதினி. மொத்தப் படமும் சேறு நிறம். அந்த மாடியில் மட்டும் சிவப்பும் மஞ்சளும். சிவப்பில் மஞ்சள் ரோஜா, ஓரத்தில் பச்சைக் கொடி. ஒரு போர்வைக்குள் மூன்று நாலு தலை தெரிகிறது. அந்தப் போர்வைகள் என் கடைக்கு வந்த சரக்கு. கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்து, ஒரு நூல் பிசிறு இல்லாததாக நானே பொறுக்கி, ஸமீஹா கல்யாணத்துக்கு என்று உங்கள் மாடி அறையில் கொண்டுவந்து வைத்தது. பூவைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

வெள்ளம் வடிந்த பிறகு நான் கேட்டதற்கு, 'போர்வைகள் வெள்ளத்தில் போய்விட்டன' என்று எழுதினீர்கள். தண்ணீர் மாடிக்கு ஏறவே இல்லையே என்று அன்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அவை எப்படிப் போயின என்று இப்போது ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை வரைந்து காட்டித்தான் எனக்குத் தெரிகிறது.

போர்வைக்காக நான் எழுதவில்லை. போர்வை என்ன, அடுத்த வருஷமே வேறு சரக்கு வந்துவிட்டது. எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. அந்த இரண்டு நாள் உங்களிடம் பேச முடியாமல், லைன் கிடைக்காமல், நான் மண்ணடிப் பள்ளிவாசலில் போய் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்ததும் நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை, "நான் சுகம், வீட்டுக்கு ஒன்றும் இல்லை." அவ்வளவுதான். ஏரலில் பல் விழுந்த பிள்ளைக்கும் தெரிந்தது, வீட்டில் பாதிக்காரனான எனக்குத் தெரியவில்லை. சொன்னால் நான் கணக்குக் கேட்பேன் என்று நினைத்தீர்களா? என்னை அப்படித்தான் வைத்திருக்கிறீர்களா?

சுவர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மந்திரமூர்த்தியிடம் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அவன் அடுத்த வாரம் வியாழக்கிழமை வருவான். அவனிடம் நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

கொழுந்தன்,
மீரான்

---

ஏரல்,
31-8-2025

அன்புள்ள மீரானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.

போர்வைகள் வெள்ளத்தில் போயின என்று எழுதினேன். வெள்ளத்தில்தான் போயின. தண்ணீர் கொண்டுபோயிற்று என்று நான் எழுதவில்லை. உனக்குப் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். ஆனால் உண்மையையும் முழுதாக எழுதவில்லை.

நீ கணக்குக் கேட்பாய் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நீ பாராட்டுவாய் என்று நினைத்தேன். 'எங்கள் மதினி அப்படிச் செய்தார்கள், இப்படிச் செய்தார்கள்' என்று மண்ணடி முழுவதும் சொல்லித் திரிவாய். பொருள் உன்னுடையது, உன் மகளுக்கு வைத்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குப் பெயரையும் நான் வாங்கிக்கொள்வதா? எனக்கு மனம் வரவில்லை. அன்று நான் அதிகம் யோசிக்கவும் இல்லை. பிள்ளைகள் நனைந்து பல் கிட்டித்துப் போய் நின்றன. மாடி அறையில் போர்வை இருந்தது. கட்டுக்குப் போட்டிருந்த கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் அரிவாள்மணையால் அறுத்தேன். கல்யாணச் சமையலுக்கு என்று வைத்திருந்த பெரிய தேக்சாவில்தான் கஞ்சி காய்ச்சினேன். அதுவும் படத்தில் இருக்கிறது, அகப்பை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிது. தண்ணீர் வடிந்த பிறகு போர்வைகளைத் துவைத்துக் காயவைத்து மடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒருவர் போர்த்தியதைக் கல்யாணச் சாமானில் வைக்க முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சந்தனமாரி இன்றும் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறதாம். அதனால்தான் ஓரத்துக் கொடி வரைக்கும் அதற்குப் பிசகாமல் வருகிறது.

உன்னிடம் சொல்லாமல் விட்டதால் உனக்கு வருத்தம் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இனி வியாழக்கிழமை நடந்தது. மந்திரமூர்த்தி சுண்ணாம்பு டிரம், ஏணி, இரண்டு ஆட்களோடு காலையிலேயே வந்துவிட்டான். வடக்குச் சுவரில் ஆரம்பிக்கிறேன் என்று சந்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஏணி சாத்தும் சத்தமும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பிரஷ்ஷைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நிற்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு முழுவதும் நின்று அவனைப் பார்க்கிறது. டீச்சர் உட்காரச் சொல்லுகிறாள், ஒருவரும் கேட்கவில்லை.

"பெரியம்மா, இங்கன வாங்க. தண்ணித் தொட்டிக்கு இந்தப் பக்கம், தலப்பாக் கட்டிக்கிட்டு பிள்ளயத் தோள்ல வச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்குதாம்லா, இது நாந்தான?" என்றான்.

"நீயேதான். அன்றைக்கு எந்த வீட்டு மாடியில் நின்றாயாம்?" என்றேன்.

வேலிக்குள்ளிருந்து ஒரு பையன், "மாமா, நீங்கதான்! தொந்தியப் பாருங்க!" என்று கத்த, வகுப்பே சிரித்தது.

"ஏலே, எனக்கு இவ்வளவு தொந்தியாலே இருக்கு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "பெரியம்மா, சின்ன முதலாளி சொன்னா நான் எந்தச் சுவரையும் அடிப்பேன். என்னையே நான் எப்படி வெள்ளையடிக்க? எம்மவன் வேற தோள்ல உக்காந்திருக்கான்." பிரஷ்ஷைத் தோளிலிருந்து இறக்கி, பைய, "தொந்திய மட்டும் ஓரத்துல லேசா ஒரு இழுப்பு இழுத்துக்கிடட்டா?" என்றான். கூடாது என்றேன். பிள்ளைகள் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

மற்ற மூன்று சுவரையும் அடித்து முடித்துவிட்டான். உன் காக்கா சொல்லுகிற அளவில் நீலம் நானே கலக்கிக் கொடுத்தேன். வீடு பளிச்சென்று இருக்கிறது. கூலி என் கையால் கொடுத்துவிட்டேன், நீ அனுப்ப வேண்டாம்.

ஆனால் மந்திரமூர்த்தி மாட்டேன் என்றதால் நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஏரலில் வேறு யாரைக் கூப்பிட்டாலும் அவனும் அந்த மாடியில் எங்காவது நிற்பான், அது எனக்குத் தெரியும். அப்படி வருகிற சுவர் எனக்கு வேண்டாம். வீடு பாதி உன்னுடையது. நீ என்னிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டது இந்த ஒன்றுதான். வெள்ளைதான் வேண்டும் என்று நீ எழுதினால், அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வரவழைத்து நானே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பொட்டு விடாமல் அடித்துவைப்பேன். பிள்ளைகளிடமும் நானே சொல்லுவேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன். மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தில் நின்று நானே வரவேற்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போர்வைகள் என்னுடையவை என்றே பிள்ளைகள் இதுவரை நினைத்திருந்தார்கள். அது பிழை. உன் கடிதம் வந்த மறுநாள் வகுப்புக்கே போய் டீச்சரிடம் அனுமதி கேட்டு, கரும்பலகைக்கு முன்னால் நின்று திருத்தினேன். இவற்றை வாங்கியவர் என் கொழுந்தன் அகமது மீரான், சென்னையில் கடை வைத்திருக்கிறார், தன் மகள் கல்யாணத்துக்கு என்று ஆசையாகப் பொறுக்கி எடுத்தவை, அவருடைய பொருள்தான் உங்களைப் போர்த்தியது என்று சொன்னேன். உடனே பெனோ, "அப்ப அவங்களயும்லா மாடில வரையணும்?" என்றான். மாடியில் அவர் நிற்கவில்லையே என்று ஒரு கட்சி, போர்வை நின்றதே என்று ஒரு கட்சி. பள்ளி மணி அடிக்கும் வரை வழக்கு நடந்தது. டீச்சர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வரையலாம், ஆனால் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வரைய வேண்டும் என்றாள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், எனக்கும் தேக்சாவுக்கும் அடுத்தாற்போல், ஓர் ஆள் அளவுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் சந்தனமாரி வந்து, "ஆச்சி, போர்வ வாங்குன மாமா எப்ப வருவாங்க? தாடி உண்டா? கண்ணாடி போட்டிருப்பாங்களா?" என்று கேட்கிறது. நான் எதையும் சொல்லித் தரவில்லை. சொல்லிக் கேட்டு வரைவது அவர்கள் சட்டத்துக்கு விரோதம்.

ஆகையால் இரண்டில் ஒன்று எழுது. சுவர் வெள்ளையாக வேண்டும் என்றால் அப்படி எழுது. இருக்கட்டும் என்றால், கல்யாணத்துக்கு முதல் நாள் கூட்டத்தோடு வராமல் அந்த வாரத்து வியாழக்கிழமையே நீ தனியாக வந்துவிடு. பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்து, அந்தச் சந்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும்.

ஃபோன் செய்யாதே, ஸமீஹாவிடம் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுதிப் பதில் போடு.

மதினி
சித்தி ஜனாபா